பட்டியலில் இருந்த பெயர்

கோர்ட்டில் அவரை எல்லோரும் கமா அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வருகைப் பதிவேட்டில் வேறு ஒரு பெயர் இருந்தது. அது அங்கேயே இருந்துகொள்ளட்டும் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள், அக்கா உட்பட.

பெயர் வந்த கதை சின்னது. டைப்பிஸ்டாகச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு வீட்டுத் தகராறில் நீதிபதி தீர்ப்பைச் சொல்லிக்கொண்டே போக, அக்கா மேடைக்குக் கீழே தட்டிக்கொண்டிருந்தார். கோர்ட் நிறையக் கூட்டம். திடீரென்று எழுந்து நின்று, "ஐயா, 'மூத்த மகன்'னு சொன்னீங்களே, அதுக்கப்புறம் கமா இருக்கா, இல்லையா?" என்று கேட்டார். இருந்தால் வீட்டில் மூன்று பேருக்குப் பங்கு. இல்லாவிட்டால் இரண்டு பேருக்கு. வக்கீல்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வழக்குக் கட்டைப் புரட்டிப் பார்த்து, "இருக்கு" என்றார். ஒரு குடும்பத்துக்குக் கூரை மிஞ்சியது, இவருக்குப் பட்டப்பெயர் மிஞ்சியது.

அதற்குப் பிறகு முப்பத்தொரு வருடம். தட்டச்சு மெஷின் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. நீதிபதிகள் வந்தார்கள், மாற்றலாகிப் போனார்கள். அக்கா மட்டும் அதே மூலையில், அதே மர நாற்காலியில், முதுகுக்கு ஒரு தலையணையோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு தரப்பு வக்கீலும் ஒருவரை ஒருவர் நம்ப மாட்டார்கள், அக்காவின் தாளை நம்புவார்கள். "சொன்னத அடிப்பேன், சொல்லாதத அடிக்க மாட்டேன்" என்பார். லிப்ட் மெக்கானிக்கான அவர் கணவர், "அதெல்லாம் கோர்ட்டோட சரி. வீட்ல நான் சொன்னதத் தவிர மத்ததெல்லாம் நடக்கும்" என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். பிள்ளைகள் இரண்டும் வேறு ஊர்களில் வேலைக்குப் போய்விட்டன. இவ்வளவு நாணயமான மனுஷி ஒரு பெண்ணின் வாழ்க்கையில் எப்படிப்பட்ட தப்பைச் செய்தார் என்பதைச் சொல்லத்தான் வந்தேன். சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் அவரை எனக்குப் பிடிக்கும்.

அந்தப் பெண்ணுக்கு இருபத்தாறு வயது. மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. ஒருவனோடு கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னாலேயே அவன் கை நீட்டி அடிக்கிறவன் என்று தெரிந்ததும், வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவனுக்கு அது பொறுக்கவில்லை. நம்பி அவனுக்கு மட்டும் அனுப்பியிருந்த படங்களை எடுத்து, அவள் பெயரிலேயே ஒரு பொய்க் கணக்கு தொடங்கி, கடையின் பெயரையும் போன் நம்பரையும் கீழே போட்டு, உலகத்துக்கே திறந்து வைத்தான். முதல் நாள் கடைக்கு நாற்பத்தொரு அழைப்பு. கண்ணாடி வேண்டும் என்று ஒருவரும் கூப்பிடவில்லை.

புகார் கொடுக்கப் போனாள். முதல் ஸ்டேஷனில், "இது கம்ப்யூட்டர் சமாச்சாரம், அதுக்குத் தனி ஸ்டேஷன் இருக்கு" என்றார்கள். தனி ஸ்டேஷனில், "படத்த அனுப்புனது நீங்கதானேம்மா?" என்றார்கள். ஒருவழியாகப் புகாரை வாங்கி, 'சமூக வலைத்தளம் ஒன்றில்' என்று மொட்டையாக எழுதி அனுப்பினார்கள். கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா? எந்தப் பக்கம், முழு முகவரி வேண்டும் என்று பதில் போட்டான். அந்தக் கடிதம் போய்வந்ததில் ஆறு வாரம் ஓடிவிட்டது. ஆறு வாரத்தில் ஒரு பக்கம் பதினான்கு பக்கமாகப் பெருகியிருந்தது.

சட்டத்தைக் குறை சொல்ல முடியாது. ஒருவருக்கு அனுப்பச் சம்மதித்தது ஊருக்குக் காட்டச் சம்மதித்தது ஆகாது என்று தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும், பாதிக்கப்பட்டவளின் பெயரை யாரும் எங்கும் வெளியிடக் கூடாது என்றும் எழுதியிருக்கிறது. எழுதி வைத்ததெல்லாம் தங்கம். அதைக் கையில் எடுத்து நடத்துகிறவர்கள் நம்மைப் போன்ற ஆட்கள்தானே.

வழக்கு அக்காவின் கோர்ட்டுக்கு வந்தது. சாட்சி சொல்கிற நாளில் அறையைக் காலி செய்து கதவைச் சாத்தினார்கள். நீதிபதி, இரண்டு வக்கீல், ஒரு போலீஸ்காரர், கூண்டில் அவன். எல்லோரும் ஆண்கள். அக்காவையும் அந்தப் பெண்ணையும் தவிர.

பெயர் என்ன என்று கேட்டபோது அவள் பெயரைத் தெளிவாக, சற்று உரக்கவே சொன்னாள். பிறகு அரசு வக்கீல் ஒவ்வொரு படமாக நீட்டினார். "இது நீங்கதானா?" "ஆமா." "பின்னாடி கையெழுத்துப் போடுங்க." அடுத்தது. "இது நீங்கதானா?" பதினான்கு தாள், பதினான்கு கையெழுத்து. சட்டப்படி அதைத் தவிர வேறு வழியில்லை என்று நீதிபதியே வருத்தத்தோடு சொன்னார். எதிர்த் தரப்பு வக்கீல் ஒவ்வொரு தாளையும் வாங்கி, அவசரமே இல்லாமல் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அக்கா பதினான்கு முறை 'ஆம்' என்று தட்டினார்.

சாட்சி சொல்வதை நீதிபதி சுருக்கி டைப்பிஸ்டுக்குச் சொல்வது வழக்கம். "என்னுடைய ஆபாசப் படங்களை எதிரி வெளியிட்டார்" என்று சொன்னார். அந்தப் பெண் தலையைத் தூக்கினாள்.

"ஆபாசப் படம்னு நான் சொல்லல சார். அது என் படம். அவன் பண்ணதுதான் ஆபாசம்."

"அது சட்டத்துல இருக்கற வார்த்தம்மா" என்று நீதிபதி பொறுமையாகச் சொன்னார். அக்காவின் விரல் ஒரு கணம் நின்றது. பிறகு சொன்னதை அடித்தது. இடைவேளையில் அக்கா தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். "தேங்க்ஸ்மா" என்றாள் அவள். பக்கத்தில் யாரும் இல்லாதபோது அக்கா, "நல்லா சொன்னீங்க" என்றார். அந்த இரண்டு வார்த்தைக்கு அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்ததைப் பார்த்தால், அதுவரை அவளிடம் யாருமே அப்படிச் சொல்லவில்லை என்று தெரிந்தது.

வழக்கு ஜெயித்தது. அவனுக்கு மூன்று வருடம். படங்களை நீக்கச் சொல்லி எல்லாக் கம்பெனிக்கும் உத்தரவு. நீதிபதிக்கு அன்றோடு அந்த ஊரில் வேலை முடிந்தது, மாற்றல் வந்திருந்தது. தீர்ப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வக்கீல்கள் கொடுத்த பிரிவு விருந்துக்கு மாடிக்குப் போய்விட்டார். போகிறபோது, "பேர எல்லாம் எடுத்துட்டு ஏத்திடுங்கம்மா" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

தீர்ப்புச் சொன்ன அன்று மாலைக்குள் அதைக் கோர்ட்டின் இணையதளத்தில் ஏற்றிவிட வேண்டும் என்பது விதி. அக்கா ஒருநாளும் தவறியதில்லை. தீர்ப்பில் அந்தப் பெண்ணின் பெயர் வந்த இடத்திலெல்லாம் 'முதல் சாட்சி' என்று மாற்றினார். அறுபத்தொரு இடம். ஒரு முறை மேலிருந்து கீழ், ஒரு முறை கீழிருந்து மேல் என்று சரிபார்த்தார். கடைசியில் ஆவணப் பட்டியல் வந்தது. முதல் ஆவணம்: அந்தப் பெண்ணின் முழுப் பெயரில், அவள் கடையின் பெயரைப் போட்டுத் திறக்கப்பட்ட பொய்க் கணக்கின் நகல். அடுத்து பதினான்கு படங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே முழு இணைய முகவரி.

அக்காவின் கை அங்கே நின்றது. நிற்கத்தான் செய்தது. அதை அவரே பிறகு ஒப்புக்கொண்டார். ஆனால் ஆவணத்தின் விவரத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது என்பது, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் மண்டையில் ஏற்றி வைத்த பாடம். பட்டியலில் கை வைத்தால் ஆவணத்தையே திருத்தியது போல. முகவரி மொட்டையாக இருந்ததால்தானே ஆறு வாரம் வீணாய்ப் போனது என்றும் தோன்றியது. மாடியில் நீதிபதி பேசிக்கொண்டிருந்தார், கைதட்டல் கேட்டது. இருபது படி ஏறி ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். ஒரு கமாவுக்காகக் கோர்ட்டையே நிறுத்திய மனுஷி, அன்றைக்கு ஒரு மடக்கு டீ குடிக்கிற நேரத்தில் தானே முடிவு செய்துவிட்டார். பட்டியலை அப்படியே விட்டு ஏற்றினார். நாலே முக்காலுக்குக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அன்றைக்கு நன்றாகத் தூங்கினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஏழு மாதம் கழித்து அந்தப் பெண் வந்தாள். மதியச் சாப்பாட்டு நேரம், கோர்ட்டில் ஆள் இல்லை. இளைத்திருந்தாள். போனை அக்காவின் மேசையில் வைத்தாள்.

"அம்மா, இத எடுக்க முடியுமா?"

பழைய கடையை விட்டு, ஊரின் மறுமுனையில் வேறு கடையில் சேர்ந்திருந்தாள். அங்கே கூட வேலை செய்கிற ஒருத்தி சும்மா அவள் பெயரைப் போட்டுத் தேடியிருக்கிறாள். முதலில் வந்து நின்றது கோர்ட்டின் தீர்ப்பு. கடைசிப் பக்கத்தில் பெயர், கீழே பதினான்கு முகவரி. பன்னிரண்டு செத்துப்போயிருந்தன. கோர்ட் கடிதத்துக்குப் பதிலே போடாத எங்கோ இருக்கிற இரண்டு தளங்கள் மட்டும் உயிரோடு இருந்தன. இரண்டு போதாதா?

"அவன் வெச்ச பக்கத்தத் தேடிக் கண்டுபிடிக்கணும்னா கஷ்டம்மா. இப்ப கோர்ட்டே வழி சொல்லிக் குடுக்குது" என்றாள். அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்தவள் போல இருந்தாள். "யாரு இத இப்படி ஏத்துனாங்க? அது மட்டும் தெரிஞ்சா போதும்."

அக்காவுக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. வரிக்கு வரி விட்ட இடைவெளி கூடத் தன்னுடையது. "கம்ப்யூட்டர் பிரிவுல கேக்கறேம்மா" என்றார்.

அந்தப் பிரிவில் ஒரே ஒரு ஆள், அவரும் பிரிண்டருக்கு மை மாற்றுகிற வேலைதான் பார்க்கிறார். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவர்கள் சொல்லும் பொய் இப்படித்தான், பாவம் யார் தலையிலாவது போய் விழும்.

"எடுக்கணும்னா நீங்க ஒரு மனு போடணும்" என்று அக்கா தொடர்ந்தார். "கையெழுத்தான தீர்ப்ப ஜட்ஜ் உத்தரவு இல்லாம தொட முடியாது."

"மனுவுல என் பேர் எழுதணுமா?"

"ஆமா."

"அவனுக்கும் நோட்டீஸ் போகுமா?"

"போகும்மா. அவன் அப்பீல் பண்ணி ஜாமீன்ல வெளிய இருக்கான்."

"பேர எடுக்கறதுக்குப் பேர எழுதி அவனுக்கே அனுப்பணும்" என்று, யாரையும் குற்றம் சொல்லாமல், கணக்குப் பாடத்தை ஒப்பிப்பது போலச் சொன்னாள். யோசிக்கிறேன் என்று எழுந்தாள். கதவருகே திரும்பி, "நீங்களாவது கேட்டுப் பாருங்கம்மா" என்றாள்.

அக்கா தலைமை எழுத்தரிடம் போனார். அவருக்கு விதிப் புத்தகம் என்று பெயர். தும்மினால்கூட எந்த விதியின் கீழ் என்று சொல்லிவிட்டுத் தும்முவார். விஷயத்தைக் கேட்டதும் கதவைச் சாத்தினார்.

"நீங்களா எழுதிக் குடுத்தா விளக்கம் கேப்பாங்க. விசாரணை வரும். ரிட்டயர்மென்ட்டுக்கு எத்தன நாள் இருக்கு?"

"மூணு மாசம்."

"முப்பத்துமூணு வருஷம் ஒரு கரும்புள்ளி இல்ல. அந்தப் பொண்ணு மனு போடட்டும், கோர்ட் எடுக்கட்டும். யாரு தப்புன்னு பேச்சே வராது. பேசாம இருங்க."

அக்கா பேசாமல் இருந்தார். அவருக்கு வசதியாக இருந்தது, அதுதான் உண்மை. தினமும் காலையில் மனுக்கட்டு வந்ததும் முதலில் அதைத் தேடுவார். இல்லை. மறுநாளும் இல்லை. மனு வராத ஒவ்வொரு நாளும் அந்தப் பெயர் அங்கேயே இருந்தது என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. பத்தொன்பது வேலை நாள் இப்படிப் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கணவர் சட்டையில் கிரீஸ் கறையைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். மூன்று வாரமாக அக்கா சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவதை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அக்கா சொன்னார், எல்லாவற்றையும்.

"அந்தப் பொண்ணுகிட்ட உன் தப்புன்னு சொன்னியா?"

"இல்ல."

"எங்க வேலைல லிப்ட் பழுதுன்னு தெரிஞ்சா, மொதல்ல கதவுல போர்டு மாட்டுவோம். யாரு பழுதாக்குனாங்கன்னு அப்புறம் சண்ட போட்டுக்குவோம். நீ போர்டே மாட்டலையே."

கணவர் வழக்கம்போல ஜோக் ஒன்றும் அடிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை அக்கா ஒரு தாள் அடித்தார். யாரும் சொல்லாமல் அவராக அடித்த முதல் தாள் அது. 'பட்டியலை மாற்றாமல் விட்டது நான். சந்தேகம் வந்தும் கேட்கவில்லை. பாதிக்கப்பட்டவர் நேரில் வந்து கேட்டபோதும் மறைத்தேன்.' மூன்றே வாக்கியம். புதிய நீதிபதி ஒரு பெண்மணி. படித்துவிட்டு, அந்தப் பெண்ணை வரவழைக்காமலேயே, கோர்ட் தன் தவறைத் தானே திருத்திக்கொள்ளலாம் என்று சொல்லி, மதியத்துக்குள் உத்தரவு போட்டார். மனுவும் வேண்டியிருக்கவில்லை, நோட்டீஸும் வேண்டியிருக்கவில்லை. ஒரு தாள் போதுமாக இருந்திருக்கிறது.

"அவங்க வந்த அன்னிக்கே நீங்க ஏன் வரல?" என்று கேட்டார் நீதிபதி.

"பயம்மா" என்றார் அக்கா. நீதிபதி அதற்கு மேல் கேட்கவில்லை. பணிப் பதிவேட்டில் கண்டனம் என்று ஒரு வரி எழுதினார்கள். அவ்வளவுதான் தண்டனை.

மூன்று மணிக்குப் பழைய தீர்ப்பு இறங்கி, பெயரும் முகவரியும் இல்லாத தீர்ப்பு ஏறியது. அதற்குள் அதை நகலெடுத்து வைத்திருந்த மூன்று சட்டத் தளங்களுக்கும் அக்காவே கடிதம் அடித்தார். ஒன்று அன்றே நீக்கிவிட்டது. மற்ற இரண்டும் பார்க்கலாம் என்றன. உத்தரவின் நகல் சம்பந்தப்பட்டவருக்குப் போக வேண்டும். அதற்கு ஒரு படிவம் உண்டு. அக்கா படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு, வழக்குத் தாள்களில் இருந்த நம்பருக்குப் போன் செய்தார்.

"நான் கோர்ட்லருந்து பேசறேம்மா. டைப்பிஸ்ட்."

"சொல்லுங்கம்மா."

"அத எடுத்தாச்சு. பேர் இல்லாம புதுசா போட்டாச்சு. லிங்க் எதுவும் இல்ல."

"நான் மனு போடலையே. யாரு போட்டாங்க?"

"யாரும் போடல. நான் எழுதிக் குடுத்தேன்." அக்கா மூச்சை இழுத்துக்கொண்டார். "அந்தப் பட்டியல அப்படியே ஏத்துனது நான்தாம்மா. நீங்க வந்து யாருன்னு கேட்டப்பவே தெரியும். சொல்லல. பெரிய தப்பு பண்ணிட்டேன்."

"நீங்களா" என்றாள். கேள்வியாகக்கூட இல்லை. பின்னால் கடையில் யாரோ எழுத்துகளை வரிசையாகப் படிப்பது கேட்டது. கண் பரிசோதனை நடந்துகொண்டிருந்தது போல. கதவு சாத்தும் சத்தம் வந்தது, அப்புறம் அதுவும் கேட்கவில்லை.

"நான் பேர மாத்திக்கிட்டேன்" என்றாள். "போன வாரம்தான் ஆர்டர் வந்துது. படிச்ச சர்டிபிகேட், பேங்க், எல்லாத்துலயும் மாத்தக் குடுத்தாச்சு. எங்க அப்பா வெச்ச பேரு. அவர் இப்ப இல்ல. அந்தப் பேர்ல என்னக் கூப்பிட வேண்டாம்னு எங்க அம்மாகிட்டயும் சொல்லிட்டேன். அவங்களுக்கு வாய்ல வரல, தெனமும் தப்பாக் கூப்பிட்டுட்டு அழறாங்க. நான் வந்தேனே, அதுக்கு மறுநாள் நீங்க எடுத்திருந்தா, மாத்தியிருக்க மாட்டேன்."

அக்காவுக்கு மன்னிப்பு என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. அதைச் சொல்லி அவளை 'பரவாயில்ல' என்று சொல்ல வைப்பது இன்னொரு அநியாயம் என்று தோன்றி விழுங்கிவிட்டார். கண் கலங்கி, எதிரே இருந்த படிவம் மங்கலாகத் தெரிந்தது. பெறுநர் பெயர் என்று முதல் கட்டம். முப்பத்து மூன்று வருடப் பழக்கம், கை தானாகப் பேனாவை எடுத்தது.

"நகல் அனுப்பணும்மா. பழைய பேர்ல வேண்டாம். புதுப் பேர் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"வேண்டாம் மேடம்" என்றாள் அவள், கோபமே இல்லாமல். "உங்ககிட்ட சொல்ல மாட்டேன்."

"சரிம்மா" என்றார் அக்கா. "சொல்லாதீங்க." பேனாவை மூடி வைத்தார்.